பிஸ்டலுக்குத் தந்த காசின் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. காசு தந்தவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசிக்கவேண்டும். மற்றவர்கள் தேத்தண்ணியோடு வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி ஏர் பிஸ்டல் சுடுகிறாள் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அது வேறு மாதிரித் தெரியும். "டீச்சர்மார் பிள்ளைக்குத் துவக்குப் பழக்குறாங்களாம்" என்று சந்தையில் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு குசினிக் கத்தியையே எங்கே வைப்பது என்று யோசித்த ஊர் இது. பயப்படுகிறவர்களிடம் எங்களுக்குக் கோபமில்லை. ஒன்றை மட்டும் திரும்பவும் சொல்கிறோம்: அந்தப் பிஸ்டல் ஒருநாளும் ஊருக்குள் வந்ததில்லை. உரிய அனுமதிகளோடு கழகத்தின் பெயரில் வாங்கியது, கழகத்தின் பெட்டகத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பிள்ளையும் உம்மாவும் எங்களில் ஒருவரும் பஸ்ஸில் போய்வருகிறோம். வீட்டில் அவள் பழகுவது ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது. பிஸ்டலின் நிறையும் கிட்டத்தட்ட அதுதான்.

"நாங்கள்" என்று எழுதுவது இதற்குப் பொறுப்பான இரண்டு டீச்சர்மார். கல்வியியற் கல்லூரியில் ஒரே பெட்ச், ஒரே விடுதி அறை. பிழை விட்டதும் இரண்டு பேரும் சேர்ந்துதான்.

பிஸ்டலை வாங்கித் தந்தது கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற பழைய மாணவர்கள். ஸ்டைர், மொரினி, வால்தர், பைன்வெர்க்பாவ் என்று இந்த விளையாட்டில் நாலைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்றின் ஆக விலை குறைந்த மொடல் எங்களுடையது. அதற்குமேல் ஊரில் சேர்ந்த 1,40,000 ரூபாயை "அப்கிரேட் பண்ண வைத்துக்கொள்ளுங்கள்" என்று கையில் தந்தீர்கள். எதை அப்கிரேட் பண்ணுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அல்லது எல்லோரும் சொன்னார்கள்.

ஜித்தாவிலிருந்து ஒரு தம்பி சிவப்புப் புள்ளி தெரிகிற ரெட் டொட் சைட் பூட்டச் சொன்னார், வீடியோவும் அனுப்பினார். அது ஐ.பி.எஸ்.சி என்கிற வேறு விளையாட்டு. ஓடி ஓடிச் சுடுகிற போட்டி, அதில் ஓபன் பிரிவில் அதெல்லாம் பூட்டலாம். எங்கள் பிள்ளை செய்வது பத்து மீற்றர் ஏர் பிஸ்டல். ஒலிம்பிக்கில் இருப்பதும் இதுதான். இதில் வில்லை, கண்ணாடி, லேசர், மின்சாரம் எதுவும் குறிபார்க்கும் இடத்தில் இருக்கக்கூடாது. முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். இன்னொருவர் ட்ரிகரை இலேசாக்கச் சொன்னார். அதற்கும் வழியில்லை. போட்டிக்கு முன் 500 கிராம் நிறையை ட்ரிகரில் தொங்கவிட்டுப் பிஸ்டலைத் தூக்கிப் பார்ப்பார்கள். அது தாங்காவிட்டால் சுட விடமாட்டார்கள். மொத்த நிறை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. முழுப் பிஸ்டலும் 420க்கு 200க்கு 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்கவேண்டும்.

இவ்வளவு சட்டம் படித்துவிட்டு நாங்கள் வாங்கியது என்ன தெரியுமா? கண்ணாடி.

பரிஸ் ஒலிம்பிக் நேரம் எல்லோருடைய போனிலும் அந்தத் தென் கொரிய வீராங்கனை கிம் யேஜியின் படம் ஓடியது. ஒரு கண்ணில் கறுப்பு வட்டம், மற்றக் கண்ணை மறைத்து ஒரு தகடு. பார்த்தால் இயந்திர மனிசி மாதிரி. எங்கள் பிள்ளை முதலே கண்ணாடி போடுகிறவள். அவளுடைய சூடுகள் இடப்பக்கமாகச் சிதறிக்கொண்டிருந்தன. கண்தான் பிரச்சினை என்று நாங்களே தீர்மானித்தோம். பிரேமும் அவளுடைய பவருக்கு ஒரு வில்லையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்ததில் 64,000 ரூபாய் போனது.

அதே பரிஸில் துருக்கியின் யூசுப் டிகேச், 51 வயது, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு ஒரு கையைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு கலப்பு இரட்டையரில் வெள்ளி எடுத்த படமும் ஓடியது. அதையும் ஷெயார் பண்ணினோம். "உபகரணம் இல்லாமல் வென்றார்" என்று எழுதியும் போட்டோம். அதுவும் பிழை. அவர் கையில் இருந்ததும் போட்டிக்கென்றே செய்த பிஸ்டல்தான். இரண்டு படத்திலும் முகத்தைப் பார்த்தோமே தவிர, பிஸ்டலைப் பிடித்திருந்த கையை ஒரு தரமும் பார்க்கவில்லை.

கண்ணாடி வந்து ஐந்து வாரம். புள்ளி கூடவில்லை, குறைந்தது. போட்டியில் 60 சூடு, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி, முழுசாக 600. அதில் 531 எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை 524க்கு இறங்கினாள். நாங்கள் "பழகப் பழகச் சரிவரும்" என்றோம். பிள்ளையும் "ஓம் டீச்சர்" என்றாள்.

உண்மையைச் சொன்னது அவளுடைய உம்மா, பஸ்ஸில் வரும்போது. "டீச்சர், கோவிக்காதீங்க. அந்தக் கண்ணாடிக் கம்பி ஸ்கார்புக்கு மேல நிக்குதில்லையாம். ஒவ்வொரு சூட்டுக்கும் வழுகுதாம். செல்லப் பயப்படுறா. ஊரெல்லாம் காசு போட்டு வாங்கித் தந்தத எப்பிடி வேணாம்னு செல்ற எண்டு ராவெல்லாம் அழுதா."

எங்கள் இருவருக்கும் அதன்பிறகு இறங்குமிடம் வரைக்கும் பேச்சு வரவில்லை. மூன்று வருடம் கல்வியியற் கல்லூரியில் இருந்து, "மாணவரின் முன்னறிவைக் கேட்டறிந்து பாடத்தைத் தொடங்குக" என்று பாடத்திட்டம் எழுதி எழுதிக் கைநொந்த ஆட்கள் நாங்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கேட்டோம். பிஸ்டலைப் பிடிக்கையில் உனக்கு என்ன கஷ்டம், சும்மா சொல்லு என்று. கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள். பிறகு கையை விரித்துக் காட்டினாள். "ட்ரிகர் எட்டுதில்ல டீச்சர். விரல் நுனிதான் படுது."

இதை விளங்கப்படுத்தவேண்டும், ஏனென்றால் எல்லாப் பிழையும் இங்கேதான் இருந்தது. பத்து மீற்றரில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீற்றர். எங்கள் பழைய ஒரு ரூபாய்க் குத்தியைவிடச் சின்னது. பிஸ்டல் கையில் ஒரு மயிரிழை திரும்பினாலும் அங்கே போய்ச் சேரும்போது அது ஏழு, எட்டு. ட்ரிகரை ஆட்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதையால் நேரே பின்னுக்கு இழுக்கவேண்டும். கைபிடி பெரிதென்றால் விரல் அவ்வளவு தூரம் போகாது, நுனிதான் தொடும். நுனியால் இழுத்தால் அது இழுப்பதில்லை, ஒரு பக்கமாகத் தள்ளும். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம். பிள்ளையின் கடதாசி இலக்குகளை எடுத்துப் பார்த்தோம். எல்லாம் இடப்பக்கம். ஒரு பிடி குறியாகச் சேர்ந்திருந்தால் சைட்டின் திருகாணியைத் திருப்பிச் சரிக்கட்டலாம். இவை நெல்லுச் சிந்தின மாதிரிக் கிடந்தன.

இந்தப் பிஸ்டல்களுக்குக் கைபிடி சின்னது, நடுத்தரம், பெரிது என்று சைஸ் உண்டு, செருப்பு மாதிரி. எங்களுக்கு வந்தது நடுத்தரம். ஓடர் போடும்போது பிள்ளையின் கையை ஒருவரும் அளக்கவில்லை. செருப்பென்றால் அளக்காமல் வாங்குவோமா?

ட்ரிகரைப் பின்னுக்குத் தள்ளும் வசதி பிஸ்டலில் இருந்தது. பயிற்றுநர் கடைசி மட்டும் தள்ளிப் பார்த்தார், போதவில்லை. சின்னக் கைபிடி வாங்கக் கையில் காசும் இல்லை. பெலட், பஸ் செலவு எல்லாம் போக 28,500தான் மிச்சம். அப்போதுதான் எங்கள் தெருவில் கதவு நிலை செய்கிற காக்காவின் ஞாபகம் வந்தது. கைபிடி மரம்தானே, ஒரு திருகாணியில் கழன்று வரும். கழகத்தில் கேட்டு அதை மட்டும் கொண்டுவந்தோம். காக்கா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ பட்டறைக்குள் வர, சட்டென்று சாரனுக்குள் மறைத்தார். வெறும் மரத்துண்டு அது! பிறகு அவரே சிரித்துவிட்டார்.

அந்த வேலை எப்படி நடந்ததென்று கேளுங்கள். பிள்ளையின் உள்ளங்கையில் சிவப்புச் சோக்கைப் பூசிக் கைபிடியைப் பிடிக்கச் செய்வோம். சோக் கனமாகப் படிந்த இடம் அழுத்துகிற இடம், படியாத இடம் வெற்றிடம். அதை அப்படியே காக்காவிடம் கொடுப்போம். அழுத்துகிற இடத்தை அரத்தால் ராவுவார், வெற்றிடத்துக்கு மரத்தூளில் பைண்டர் கம் குழைத்து அப்புவார். காய்ந்ததும் சேண்ட் பேப்பர். சனிக்கிழமை கழகத்தில் பூட்டிச் சுட்டுப் பார்ப்பது, ஞாயிறு திரும்பக் காக்காவிடம். நாலு கிழமை இப்படி. முக்கியமாகப் பின்பக்கத்தை ராவ ராவக் கை முன்னுக்குப் போனது, விரல் ட்ரிகருக்குக் கிட்டியது. மணிக்கட்டைத் தாங்குகிற மாதிரி மட்டும் எதுவும் வைக்கக்கூடாது, அது விதி. காக்காவுக்கு அது பெரிய மனக்குறை. "கொஞ்சம் நீட்டி வெச்சா நல்லா நிக்குமே டீச்சர்" என்று மூன்று தரம் கேட்டார்.

கடைசியில் கார்ட்போர்ட்டில் 420, 200, 50 அளவில் ஒரு பெட்டி செய்துகொண்டு போய்ப் பிஸ்டலை வைத்துப் பார்த்தோம். பெருவிரல் மேடை மூன்று மில்லிமீற்றர் வெளியே நின்றது. திரும்பப் பட்டறை. அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் கொழும்பில் போட்டி நாளன்று அது தெரிந்திருக்கும்.

கொழும்புப் போட்டியில் பிள்ளை 548 எடுத்தாள். பதினோராம் இடம். பதக்கம் இல்லை, மேடையில் ஏறவில்லை, அதனால் உங்களுக்குப் படமும் வரவில்லை. சாதாரண மூக்குக்கண்ணாடியோடுதான் சுட்டாள்.

இனி கணக்கு. வரவு 1,40,000. கண்ணாடி 64,000. பெலட் எட்டு டின், டின்னுக்கு 500, எல்லாமாக 36,000. பயணச் செலவு 11,500. மிச்சம் 28,500. கண்ணாடியை வேறு ஊர்க் கழகத்துப் பொடியன் ஒருவர் 45,000க்கு எடுத்துக்கொண்டார். குறைந்த 19,000ஐ நாங்கள் இருவரும் சம்பளத்தில் போட்டுவிட்டோம். அதைப் பற்றி யாரும் கொமண்டில் எதுவும் எழுதவேண்டாம், பிழை எங்களுடையது. காக்கா கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆக இப்போது கையில் 92,500. பற்றுச்சீட்டுகள் பாடசாலையில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம்.

இந்தக் காசில் என்ன வாங்குவதென்று இந்த முறை முதலில் பிள்ளையிடம் கேட்டோம். தனக்குப் பெலட் போதும் என்றாள். ஒன்பதாம் ஆண்டில் ஒரு பிள்ளை வரக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம், இடக்கைக்காரி. வலக்கைக் கைபிடியை இடக்கையால் பிடிக்கவே முடியாது, மேடும் பள்ளமும் மாறி இருக்கும். "அவவுக்கு ஒண்டு எடுப்பமா டீச்சர்?"

அந்தப் பிள்ளையின் கையைக் கடதாசியில் வைத்துக் கோடு கீறி எடுத்துவைத்திருக்கிறோம். சின்ன சைஸ். விலையும் தபாலும் இந்தத் தொகைக்குள் அடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். காசு தந்தவர்களில் யாருக்காவது இதில் மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை ஓடர் போடுகிறோம்.