முள் 700-ல் நிற்குது... விடியும்வரை தாங்குமா?

ஆக்ஸிஜன் சிலிண்டரின் தலையில் இருக்கும் மீட்டரை உற்றுப் பார்த்தால், பலவற்றில் ஒரே முள்ளுக்கு இரண்டு வட்டமாக எண்கள் இருக்கும். ஒன்று கிலோ கணக்கு. அதாவது, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிலோ அழுத்தம் என்பது. இன்னொன்று பிஎஸ்ஐ, ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு என்பது. அழுத்தம் ஒன்றுதான், எண்தான் வேறு.

இந்த வித்தியாசம் ஒரு வீட்டில் ஓர் இரவையே ஆட்டிப் பார்த்துவிட்டது. நுரையீரல் நோயாளியான அப்பாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். 10 லிட்டர் கொள்ளளவுள்ள 'பி டைப்' சிலிண்டரைக் கட்டிலருகே நிறுத்திய கடைக்காரர், "முள்ளு 50-க்குக் கீழ வந்தா உடனே போன் பண்ணுங்கம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரவு 10 மணி. முள் 700-ல் நின்றது. 50 எங்கே, 700 எங்கே! நிம்மதியாக விளக்கை அணைக்கப் போனார் மகள். தாத்தாவுக்குப் போர்வை போர்த்த வந்த பிளஸ் ஒன் பேரன்தான் மீட்டரைக் குனிந்து பார்த்தான். "அம்மா, நீ பாக்குறது பிஎஸ்ஐ. கடைக்கார அண்ணன் சொன்னது கிலோவா இருந்தா?"

கணக்குப் போட்டார்கள். 1 கிலோ என்பது சுமார் 14.2 பிஎஸ்ஐ. 700-ஐ 14.2-ஆல் வகுத்தால் 49. கடைக்காரர் சொன்ன 50 ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது! 49-ஐ சிலிண்டரின் கொள்ளளவான 10-ஆல் பெருக்கினால், மிச்சமிருப்பது சுமார் 490 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் நாலு மணி நேரம்தான். அதாவது, எல்லோரும் அசந்து தூங்கும் அதிகாலை 2 மணிக்கு சிலிண்டர் காலி. போன் பறந்தது, 11 மணிக்குள் மாற்று சிலிண்டர் வந்து இறங்கியது.

அழுத்தத்துக்கு ஏன் இத்தனை அளவுகள்? 1643-ல் இத்தாலியின் டாரிசெல்லி கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிறுத்தி காற்றின் அழுத்தத்தைக் காட்டினார். அந்தப் பாதரச மில்லிமீட்டர் இன்றும் பிபி கருவியில் இருக்கிறது. பவுண்டும் அங்குலமும் புழங்கிய நாடுகள் பிஎஸ்ஐ தந்தன. மெட்ரிக் நாடுகள் கிலோவையும் 'பார்' அளவையும் தந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக வந்த 'பாஸ்கல்' ரொம்பச் சின்னது. 1 கிலோ அழுத்தமே சுமார் 98,000 பாஸ்கல்!

நம் வீட்டுக்குத் தேவையானவை சிலதான்:

* 1 பார் = 14.5 பிஎஸ்ஐ. கார் டயருக்கு 33 பிஎஸ்ஐ என்றால், பார் காட்டும் மீட்டரில் சுமார் 2.3.

* 1 கிலோ = 14.2 பிஎஸ்ஐ. அவசரத்துக்கு பாரும் கிலோவும் ஏறக்குறைய ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம்.

* பிபி 120/80 என்பது பாதரச மில்லிமீட்டரில். கருவி கிலோபாஸ்கலுக்கு மாறியிருந்தால் அதுவே 16/10.7 என்று காட்டும். பதற வேண்டாம்.

சிலிண்டர் கொண்டு வருபவரோ, டயருக்குக் காற்றடிப்பவரோ ஓர் எண்ணைச் சொன்னால், "எந்தக் கணக்குல அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதிலை ஒரு சீட்டில் எழுதி மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். நடு ராத்திரியில் யார் எழுந்து பார்த்தாலும் புரியும்.