பொறி இல்லை என்பது

நம் விமர்சனத்தில் அதிகம் புழங்கித் தேய்ந்த சொற்களில் ஒன்று 'பொறி'. 'இந்தக் கவிதைகளில் பொறி இல்லை' என்று எழுதிவிட்டால் அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை என்றாகிவிடுகிறது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டு பதில்களைத் தவிர இந்தச் சொல்லிடம் கேட்டுப் பெற வேறேதும் கிடையாது என்பது நம் நம்பிக்கை. ஆனால் பொறியை அன்றாடம் கையாள்கிற ஒரு தொழில் உண்டு. அங்கே 'பொறி இல்லை' என்ற இடத்திலிருந்துதான் வேலையே ஆரம்பிக்கிறது.

திருமங்கலத்தில் என் மாமாவிடம் ஒரு அம்பாஸடர், மார்க் 2, பெட்ரோல் வண்டி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சாகக் கொண்டு 1950களின் இறுதியிலிருந்து வங்காளத்து உத்தர்பாராவில் உற்பத்தியாகி, 2014 மே மாதத்தோடு அங்கே நின்றுபோன ஜாதி. சென்ற கோடையில் ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. ஒரு பட்டறையில் பிளக்குகள், காயில், சி.பி. பாயிண்ட், கண்டன்ஸர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். எல்லாம் புதிது, பொறி இல்லை. 'எடைக்குப் போட்டுவிடலாம்' என்று யோசனையும் சொன்னார்கள். மூன்று வருஷ காலம் அத்தையை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வந்த வண்டி அது. அத்தை இப்போது இல்லை. மாமா அந்த யோசனையைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மதுரை மோட்டார்த் தொழில் வேரூன்றிய ஊர். டி.வி.எஸ். 1911இல் தொடங்கியது. பஸ்களையும் லாரிகளையும் பிரித்துப் பூட்டியே கை பழகிய மெக்கானிக்குகள் ஒரு தலைமுறை இங்கு உண்டு. அவர்களில் அறுபது தாண்டிய ஒருவர் திருமங்கலத்துக்கு வந்தார். கொண்டு வந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பானர், ஒரு பீலர் கேஜ், இரண்டு ஒயர் நீட்டிய 12 வோல்ட் பல்பு. உதிரி பாகம் எதுவும் அவர் கொண்டுவரவில்லை.

அவர் செய்தது விளங்க, பொறி எப்படி உண்டாகிறது என்பது தெரிய வேண்டும். பாட்டரியின் மின்சாரம் சாவி வழியாகக் காயிலின் முதல் சுற்றுக்குள் போய், சி.பி. பாயிண்டைக் கடந்து, வண்டியின் உடம்பில் இறங்குகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை காயிலுக்குள் ஒரு காந்தப் புலம் நிற்கும். பாயிண்ட் திறந்ததும் மின்சாரம் அறுபட்டுப் புலம் சரிகிறது. அந்தச் சரிவுதான் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டாக எழும்பிப் பிளக்கின் முனையில் தாவுகிறது. ஃபாரடே 1831இல் கண்ட உண்மை. கெட்டரிங் அதைக் காருக்கு ஏற்ற சாதனமாக்கினார். பாயிண்ட் திறக்கும் இடைவெளி 0.015 அங்குலம். மின்சாரம் ஓடும்போது பொறி இல்லை, அறுபடும்போதுதான் பொறி என்பது எனக்குப் புதிய செய்தி.

டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரை எஞ்சின் உடம்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, பாயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து மூடினார். பொறி இல்லை. ஆகவே குற்றம் பிளக்குகளில் இல்லை, அதற்கு முன்னால். பல்பின் ஒரு முனையை உடம்பில் வைத்து, மறுமுனையைக் காயிலின் சாவிப்பக்கம் தொட்டார். எரிந்தது. பாட்டரியும் சாவியும் சரி. பாயிண்டைத் திறந்துவைத்துக் காயிலின் மறுபக்கம் தொட்டார். எரிய வேண்டியது எரியவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டுத் தொட்டார். எரிந்தது. காயிலும் சரி. ஒயரை மாட்டிக் கண்டன்ஸரைக் கழற்றினார். அப்போதும் எரியவில்லை, கண்டன்ஸரும் சரி. மிஞ்சியது பாயிண்டின் முனை. அங்கே நட்டுக்கடியில் இருக்க வேண்டிய சின்ன இன்சுலேஷன் வாஷரை வரிசை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒயர் நுனி பாயிண்டைத் தாண்டி நேராக உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

'கரண்ட்டு நல்லாத்தான் வருது தம்பி. அறுபடத்தான் மாட்டேங்குது. காயிலைத் தொட்டுப் பாருங்க, எப்படிச் சுடுதுண்டு' என்றார். வாஷரை வரிசைப்படி வைத்து, பீலர் கேஜால் இடைவெளி பார்த்து, மூடினார். வண்டி பிடித்தது. புதிதாக எதையும் மாற்றவில்லை.

செல்லப்பா 'எழுத்து'வில் அலசல் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் நியாயம் இதற்குப் பிறகு எனக்குக் கூடுதலாகப் பிடிபடுகிறது. க.நா.சு. ரஸனையைச் சொன்னார். இந்த இரண்டையும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்தி நாம் சண்டை போட்டிருக்கிறோம். பொறி இல்லை என்று முதலில் கண்டது கண். அது ரஸனையின் காரியம்; எந்த அலசலும் அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் அதோடு நின்றுகொண்டால் அந்தப் பட்டறையில் சொன்ன யோசனைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

உவமையை அளவுக்கு மீறி இழுக்கவும் விருப்பமில்லை. இந்த ரகப் பெட்ரோல் அம்பாஸடர்கள் எல்லாவற்றுக்கும் சுற்று ஒன்றுதான். மெக்கானிக்குக்கு அது மனப்பாடம். கவிதைக்கு அப்படி ஒரு படம் கிடையாது. ஒவ்வொரு கவிதையும் தன் சுற்றைத் தானே போட்டுக்கொள்கிறது. அதை அந்தக் கவிதைக்குள்ளிருந்தே கண்டுபிடித்த பிறகுதான் பல்பை எங்கே வைப்பது என்று தெரியும். விமர்சகனின் சிரமம் இந்த வகையில் கூடுதல். கூடுதல் சிரமத்தைக் காரணம் காட்டி வேலையையே விட்டுவிட முடியாது.

என் நண்பன் ஒருவனின் முதல் தொகுப்பைப் பற்றி ஒரு விமர்சகர் எழுதியது மூன்று வரி. அதில் ஒரு வரி 'பொறி இல்லை'. நண்பன் எழுதுவதை நிறுத்தி ஒன்பது வருஷமாகிறது. அந்தத் தொகுப்பை இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். விமர்சகரின் அபிப்பிராயம் வாஸ்தவம்தான். கமலைக் கிணறு பற்றி ஒரு கவிதை. தூர்ந்த கிணறு, அறுந்த வடம், கல்லில் வடம் அறுத்த தடம். இதுவரைக்கும் ஒரு சொல் பிசகில்லை. அடுத்து, அந்தத் தடம் தன் தகப்பனின் வாழ்க்கை என்று இரண்டு வரி விளக்கம். ஏறக்குறைய எல்லாக் கவிதைகளும் இப்படித்தான் முடிகின்றன. சேர்ந்த அழுத்தமெல்லாம் விளக்கத்தின் வழியே தரையில் இறங்கிவிடுகிறது. அனுபவம் உண்டு, மொழி உண்டு, சூடும் உண்டு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, அவ்வளவே.

இதைச் சொல்ல இன்னும் நான்கு வரி தேவைப்பட்டிருக்கும். அதைப் படித்து அவன் தொடர்ந்து எழுதியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை, திருத்திக்கொள்ளாமலும் போயிருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். சிறுபத்திரிகையில் எழுதுகிறவன் சன்மானத்தை எதிர்பார்ப்பதில்லை. இந்த 'எந்த இடத்தில்' என்பதைக்கூட அவனுக்குச் சொல்லாத விமர்சனத்தை எதற்காக எழுதுகிறோம்?