அம்பூரி மலையடியில் இரண்டு இரவுகள்

ஐப்பசி விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் அம்பூரிக்குச் சென்று வந்தோம். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, வெள்ளறடை வழியே செல்லும் பாதை அது. 1956 நவம்பர் 1-இல் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும், எல்லையோரத்து இவ்வூர்களில் நம் மொழி கேட்டால் முகமலர்ந்து மறுமொழி கூறுவார் இன்றும் உளர்.

நண்பர் ஒருவர் தந்துதவிய சிறு வீட்டுவண்டியைக் காரின் பின்னே பூட்டிச் சென்றோம். தகரச் சுவர், இரண்டு சன்னல்கள், கூரையில் மூடித்திறக்கும் ஒரு துளை, அவ்வளவே. அதனுள் எங்கள் தாயார், நாங்கள் இருவர், ஆறு வயது மகள் என நால்வர் தங்கினோம்.

மாலையில் ஒரு சரிவின் அடியில் வண்டியை நிறுத்தினோம். அவ்வழி வந்த ரப்பர்த் தோட்டத்துப் பெரியவர், “மக்களே, மழைக்காலத்தில் மலையடியில் படுக்கலாகாது, நீர் போகும் வழியில் நாம் நிற்கக்கூடாது” என்றார். 2001 நவம்பர் 9-இல் பெருமழையில் இவ்வூர் மலை சரிந்து ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டதை அவர் கூறக் கேட்டு நெஞ்சம் நடுங்கினோம். அவர் வீட்டருகே மேட்டுச் சமநிலத்திற்கு வண்டியை மாற்றினோம்.

இரவு மழை கொட்டியது. தாயாருக்கு நெஞ்சுச்சளி உண்டு. ஆதலின் குளிர் புகாதிருக்க எல்லாவற்றையும் அடைத்து, எரிவாயு அடுப்பில் கஞ்சி காய்ச்சி, நனைந்த துணிகளையும் உள்ளேயே உலர்த்தினோம். நள்ளிரவில் கூரையிலிருந்து முகத்தில் நீர் சொட்டியது. சுவரோரப் படுக்கை நனைந்து சில்லிட்டது. தாயாரின் இருமல் விடியும்வரை ஓயவில்லை.

கூரை ஒழுகுகிறது என்றே எண்ணினோம். காலையில் மழை நின்றபின் கூரைமேல் குடம்குடமாக நீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு துளியும் உள்ளே இறங்கவில்லை. இரவு சொட்டிய நீர் எங்களுடையதே! உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓரிரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை வெளியிடுகிறார். நால்வர்க்கு ஒரு லிட்டர். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கும். வெப்பக்காற்று அவ்வீரத்தைச் சுமக்கும். குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் நீராக உதிர்க்கும்.

பெரியவர் தம் புகைப்புரையைக் காட்டினார். ரப்பர்த் தாள்களை அங்கே 45 முதல் 60 பாகை வெப்பத்தில் சில நாள் உலர்த்துவர். முதல் நாள் காற்றுத்துளைகளை நன்கு திறந்து வைக்கவேண்டுமாம். “நெருப்பு ஈரத்தைக் கிளப்பும், துளைதான் அதை வெளியே அனுப்பும்” என்றார்.

மறுநாள் இரவு அவ்வாறே செய்தோம். கூரைத் துளையையும், காற்று வீசாத பக்கத்துச் சன்னலையும் இரு விரற்கடை திறந்து வைத்தோம். மழைக்காற்றும் ஈரமானதே, ஆயினும் நால்வர் மூச்சடைத்த காற்றினும் குளிர்ந்தது, ஆகவே ஈரம் குறைந்தது. சமையலையும் ஈரத்துணியையும் வெளியே தார்ப்பாயின் கீழ் வைத்தோம். படுக்கையைச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் கோரைப்பாய் விரித்தோம். தாயாரின் காலடியில் வெந்நீர்ப் பை வைத்தோம். கரிச்சட்டி ஒன்றை மூட்டி உள்ளே வைக்கவும் எண்ணினோம். பெரியவர் கடிந்து தடுத்தார். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவார் உறக்கத்திலேயே மாள்வர். சன்னலைச் சிறிது திறந்திருந்தாலும் அதனை நம்பலாகாது.

அன்றிரவு தாயார் இருமலின்றி உறங்கினார். காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்த மகள், “அப்பா, இன்று வண்டி அழவில்லை” என்றாள்.

குளிர்நாடுகளில் சிறு அறைகளில் வாழும் நம்மவரும் சன்னலை அடைத்து, துணியை உள்ளே உலர்த்தி, சுவரில் பூஞ்சை பூத்தபின் வீட்டைக் குறை கூறுவதுண்டு. வெப்பத்தைப் போர்வையால் காப்போம். ஈரத்திற்கு வழி விடுவோம்.