புல்லுக்கு ஒரே பச்சை

'நார்த் 3' வெளியிலிருந்து பார்த்தால் சரக்கு லாரிதான். பிபிசிக்காக 1969இல் பை நிறுவனம் கட்டிக்கொடுத்த வண்ண வெளிப்புற ஒளிபரப்பு (ஓ.பி.) வேன் இது. லண்டனில் சிஎம்சிஆர் 9 என்ற பெயரில் ஓடி, பிறகு மான்செஸ்டருக்கு மாறியது. ஆர்வலர்கள் சிலர் இப்போது அதைச் சீரமைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

உள்ளே ஏறினால் சிறுசிறு அறைகள். இயக்குநருக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, படத்தைக் கட்டுப்படுத்தும் பொறியாளர்களுக்கு ஒன்று. நான் அதிக நேரம் நின்றது அந்தப் பொறியாளர்களின் அறையில்தான்.

அக்கால வண்ணக் கேமராக்கள் பலவற்றுக்குள் மூன்று பிளம்பிகான் குழாய்கள் இருந்தன. லென்ஸில் நுழையும் ஒளி சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிந்து தனித்தனிக் குழாயில் விழும். மூன்று படமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் படிந்தால்தான் ஒரு முகம் முகமாகத் தெரியும். கொஞ்சம் நகர்ந்தாலும் மூக்கின் ஓரத்தில் சிவப்புக் கோடு முளைக்கும். குழாய்கள் சூடேறினால் படங்கள் நகரத்தான் செய்யும். அதனால் கேமராக்களை முன்கூட்டியே போட்டுச் சூடாக்கி, கட்டம் போட்ட அட்டையை எதிரே நிறுத்தி, மூன்று படத்தின் கோடுகளும் சேரும்வரை குமிழ்களைத் திருகுவார்கள். 'லைன்-அப்' என்ற இந்த வேலை முடியாமல் நிகழ்ச்சி தொடங்காது.

வெளியே கேபிள் போடுபவர்களின் பாடு வேறு. அன்றைய பிரிட்டிஷ் கேமராக்கள் பலவற்றின் கேபிள் முனையில் 101 இணைப்புகள் இருந்தன. அந்தக் கனத்தை மைதானம் முழுக்க இழுக்க வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையில் கேமராவே பெரும் சுமை: அமெரிக்காவின் ஆர்சிஏ டிகே-41 ஏறத்தாழ 140 கிலோ.

நிகழ்ச்சி ஓடும்போது பொறியாளரின் கை ஒரு சிறு கைப்பிடியில் இருக்கும். முன்னும் பின்னும் தள்ளினால் லென்ஸின் ஐரிஸ் திறந்து மூடும். முறுக்கினால் படத்தின் கருமை அளவு மாறும். இதன் அருமை டென்னிஸ் மைதானத்தில் புரியும். 1967 ஜூலை 1 அன்று பிபிசி 2 விம்பிள்டன் டென்னிஸோடு வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே எல்லாக் கேமராவுக்கும் தெரிவது அதே புல்தரைதான். ஒரு கேமராவில் இளம்பச்சை, அடுத்ததில் கரும்பச்சை என்று வந்தால் இயக்குநர் படத்தை மாற்றும்போதெல்லாம் பார்ப்பவர் கண்ணில் உறுத்தும். மேகம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் அத்தனை கேமராவையும் ஒரே பச்சைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஆட்டத்தை நேரில் பார்க்காமல், ஜன்னலில்லா வேனுக்குள் திரைகளை மட்டும் பார்த்துச் செய்த வேலை அது.

ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தின் 'அடாப்ட்' ஆய்வுத் திட்டம், ஓய்வுபெற்ற பிபிசி குழுவினரை இதே வண்டிக்கு அழைத்து வந்து, ஒரு டார்ட்ஸ் போட்டியைப் பழைய முறையிலேயே படமாக்க வைத்தது. சாதனம் அருங்காட்சியகத்தில் கிடைக்கும். அதைக் கையாண்ட விதத்தை அந்தக் கைகளிடம்தான் கேட்க முடியும்.

பிறகு, ஒளியைப் படமாக்கும் சிசிடி சில்லுகள் வந்து குழாய்களை ஒழித்தன. சில்லுகளைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி ஒட்டிவிடுவதால் கட்ட அட்டை வேலை போய்விட்டது. கைப்பிடி வேலை போகவில்லை. இன்று கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஓ.பி. வேனிலும் ஒருவர் ஐரிஸைத் திறந்து மூடி, பல கேமராக்களின் பச்சையை ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறார்.