உண்ணியின் காதல்

காதல் கதை எழுதிப் பிழைக்கிறவன் உண்ணியைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். நம் கதாநாயகிகள் ஒருத்தியும் அதன் பொறுமைக்கு ஈடாகமாட்டாள்.

காரைக்காலை அடுத்த கருக்களாச்சேரியில் ஒரு வாசலில், ஓர் அம்மாள் பசுவின் மடியருகே குந்தியபடி உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை; விசைப்படகெல்லாம் கரையில். அவள் வீட்டுக்கு அப்போது பால்தான் வரும்படி. உண்ணி காய்ச்சலில் பசு விழுந்தால் அதுவும் போச்சு. ஆமணக்கு விதை போல் பருத்தவற்றோடு எள்ளளவு தட்டைப் பூச்சிகளையும் அவள் விடவில்லை. (ஆமணக்கின் 'ரிசினஸ்' என்ற லத்தீன் பெயருக்கே உண்ணி என்றுதான் அர்த்தம்.)

"சின்னதை விட்டா அதுதான் ஐயா நாளைக்குப் பெருசு."

அது சாஸ்திரமும் ஒப்புக்கொள்ளும் பேச்சு. பெண் உண்ணி கடித்துப் பற்றிக்கொண்டு கொஞ்சம் குடிக்கிறது. அப்புறம் நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறது. ஆண் வந்து சேரும்வரை பெருக்காது. சேர்ந்தபின் ஓரிரு நாளில் வெறிகொண்டு குடித்துச் சுமார் நூறு மடங்கு கனத்து, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது.

ரோமக் காட்டில் ஆணுக்கு வழி காட்டுவது வாசனை. மூக்கு இருப்பது முன்காலில்! ஹாலர் என்பவர் 1881-ல் வர்ணித்த உறுப்பு அது. பெண் விடும் மணத்தை அமெரிக்க உண்ணி ஒன்றில் பெர்கர் என்பவர் 1972-ல் கண்டறிந்தார். 2,6-டைகுளோரோஃபீனால் என்று பெயர். ஆஸ்பத்திரி வராந்தா நெடிக்கு நெருங்கிய உறவு. மல்லிகைப்பூவை நம்பி நாவல் எழுதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். மணம் பட்டதும் ஆண் தன் சாப்பாட்டை விட்டுக் கிளம்புகிறது. அருகே போனபின், பெண்ணின் தோல்மேலுள்ள கொழுப்புப் பூச்சைத் தொட்டு 'இவள்தான்' என்று தெளிகிறது.

இந்தப் பலவீனத்தை வைத்துச் சூழ்ச்சியும் செய்தார்கள். மணமும் விஷமும் தடவிய பிளாஸ்டிக் மணிகளைப் பெண்ணென்று நம்பி ஆண்கள் அணைத்து மாண்டன. மருந்துக்கு மசியாத உண்ணிகள் பெருகிவிட்ட நம் நாட்டுக்கு இது ஆசை காட்டும் சங்கதி. ஆனால் நம் பசுக்களை மொய்க்கும் உண்ணியிடமும் 1994-ல் அதே பொருளைப் பிரித்தெடுத்தபோது, ஆணின் நரம்பு அதை உணர்ந்ததே தவிர, அது மயங்கி ஓடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அது வேறு எதற்கு மசியுமோ, அதைக் கண்டுபிடிக்கும்வரை மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்கு ஓய்வில்லை.