கல் ஒன்றே முதலாக

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக் கோட்டையைக் காண, நம் பங்கின் பாடகர் குழு இளைஞர் சிலருடன் புறப்பட்டோம். பேருந்தில் வழிநெடுக அவர்களுக்கு ஒரே குறை. "பக்கத்துப் பங்கில் புதுக் கீபோர்டு வாங்கிவிட்டார்கள், ஐயா. நமக்குப் பழைய ஆர்மோனியந்தானே! அதை வைத்துக்கொண்டு என்ன பாட்டு அமைப்பது?" அவர்தம் மனத்தைச் சற்றே திருப்ப எண்ணி, இடைவழியில் மண்டகப்பட்டில் இறங்கினோம்.

சிறியதொரு பாறை, அதனைக் குடைந்து அமைத்த மண்டபம். முகப்பிலே பருத்த தூண்கள். இரு ஓரங்களிலும் வாயிற்காவலர். உள்ளே பின்சுவரில் வெறுமையான மூன்று கருவறைகள். கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது இது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இதனை எடுப்பித்தான் என்று இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகின்றது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர். பிறர் வேண்டுமென்று கருதியவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பாறை ஒன்றையே அவன் நம்பினான்.

"கல்லுக்குச் சரி, ஐயா, இசைக்கு இது பொருந்துமா?" என்றான் ஒருவன். மண்டப நிழலில் அமர்ந்து, ஆர்மோனியத்தின் உறவான பாண்டோனியனின் கதையைச் சொன்னோம்.

இரண்டிலும் துருத்திக் காற்றே உலோக நாக்குகளை அதிரச் செய்து ஒலி எழுப்புகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமனியில் தோன்றிய பாண்டோனியன், கடல் கடந்து அர்ஜென்டினாவின் டாங்கோ நடன இசையில் குடிபுகுந்தது. இரு கைகளாலும் பொத்தான்களை அழுத்தி வாசிக்க வேண்டும். துருத்தியை விரிக்கையில் ஒரு சுரம், சுருக்குகையில் அதே பொத்தானில் வேறொரு சுரம். கற்பது எளிதன்று.

அர்ஜென்டினாவில் பிறந்த அஸ்தோர் பியாசொல்லாவுக்கு (1921–1992) எட்டு வயதில் தந்தை பழைய பாண்டோனியன் ஒன்றை வாங்கித் தந்தார். 1939-இல் புகழ்பெற்ற டாங்கோ குழுவொன்றில் அவர் இடம்பெற்றார். ஆயினும் நடனக்கூடத்துக் கருவி என்று அதற்காக நாணினார்; பேரிசைக் குழுக்களுக்கு எழுதவே விரும்பினார். 1954-இல் பாரிஸ் சென்று நாதியா பூலான்ஜே அம்மையாரிடம் பயின்றபோதும் தம் டாங்கோவை மறைத்தே வைத்தார். அவர் எழுதியவற்றில் திறமையைக் கண்ட அம்மையார், அவரைக் காணவில்லை. வற்புறுத்தி ஒரு டாங்கோவை வாசிக்கச் செய்து, இதுவே நீர், இதனைக் கைவிடாதீர் என்று அறிவுறுத்தினார். பியாசொல்லா தம் கருவிக்கே திரும்பினார். 1959-இல் தந்தை மறைந்தபோது அவர் நினைவாக 'அடியோஸ் நோனினோ' இயற்றினார். 1979-இல் பாண்டோனியனை முதன்மையாக வைத்துப் பேரிசைக் குழுவுக்கே ஓர் ஆக்கம் அளித்தார்.

செஞ்சி சேரும் வரை கீபோர்டுப் பேச்சு எழவில்லை. கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது ஓர் இளைஞன் மெல்லக் கேட்டான்: "நம் பெட்டியின் துருத்தியில் காற்று ஒழுகுகிறது, ஐயா. அதை ஒட்டிச் சரிசெய்து விடலாமா?"