பி.ஏ. தமிழ், திருப்பூர்

ஆகஸ்ட் 27, 2025, புதன்

பிள்ளையார் சதுர்த்தி, கம்பெனி லீவு. அமெரிக்கா போகும் நம் சரக்குக்கு இன்று முதல் 50 சதவீத வரி. பருத்தி டி-ஷர்ட்டுக்கு முன்பே இருந்த 16.5 சதவீதத்தையும் சேர்த்தால் 66.5. நாங்கள் 3 டாலருக்கு அனுப்பும் சட்டைக்கு அங்கே இறக்குமதி செய்பவர் ஏறக்குறைய 2 டாலர் வரி கட்ட வேண்டும். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடியது 20தான்.

எங்கள் ஸ்டைல்களை 'ஹோல்ட்' செய்யச் சொல்லி அமெரிக்கப் பையரிடமிருந்து நேற்றே மெயில் வந்துவிட்டது. வெட்டி முடித்த துணி கட்டிங் டேபிளிலேயே கிடக்கிறது. மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்தபின் போன் அடிக்காத நாளை இன்றுதான் பார்க்கிறேன். ராத்திரி உட்கார்ந்து ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு விண்ணப்பத்தைத் திறந்தேன். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க், பட்டம், வேலை அனுபவம் எல்லாம் கேட்கிறது. பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் போதும், எந்தப் பாடமும் ஆகலாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

செப்டம்பர் 6, சனி

சம்பள நாள். பவர் டேபிளில் தைக்கும் அக்கா ஒருவர், தேனிப் பக்கத்துக்காரர், பணத்தை வாங்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். ஒன்றரை ஷிஃப்ட் ஓடிய லைன் இப்போது ஒரு ஷிஃப்ட்கூட ஓடுவதில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அது அப்படியே வீட்டுக்குப் போகும் பணத்தில் குறையும்.

"பாப்பா, அடுத்த வாரம் வேலை இருக்குமா? நீதானே அந்த வெள்ளக்காரங்ககிட்ட பேசுற."

"தெரியலக்கா."

"பையனுக்கு ஹாஸ்டல் பணம் கட்டணும், அதான் கேட்டேன். நீ ஒண்ணும் நினைச்சுக்காத."

மத்தியானம் நடந்த பேச்சு அவருக்குத் தெரியாது. வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஆர்டரை விடுவிக்கிறோம் என்றார் பையர். பாதி என்றால் சட்டைக்கு ஒரு டாலர். எம்.டி. சார் காஸ்டிங் ஷீட்டை என் பக்கம் தள்ளி, எங்கே குறையும் பார் என்றார். நூல் மில்லில் குறைக்க மாட்டார்கள். சாயப்பட்டறையில் கேட்கவே முடியாது; 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்துத்தான் ஓட்டுகிறார்கள், அந்தச் செலவு பெரிது. பெட்டி, லாரி, துறைமுகக் கட்டணம் எதிலும் கை வைக்க முடியாது. எல்லாவற்றையும் கழித்தபின் கடைசி வரியில் நிற்பது தையல் கூலி. எப்போதும் அதுதான் நிற்கிறது. இந்த ஷீட்டின் வரிசையை யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? எனக்கு அது தெரிய வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்றோடு முடிய வேண்டிய கேட் விண்ணப்பக் கெடுவை 20 வரை நீட்டித்திருக்கிறார்கள். 2,600 ரூபாய் கட்டிவிட்டேன். அம்மா கேட்டது: "ஏங்கண்ணு, தமிழ் படிச்சவங்களை அங்க சேத்துக்குவாங்களா?"

சேர்த்துக்கொள்வார்கள். சில ஐ.ஐ.எம்.களில் பொறியியல் அல்லாத பட்டத்துக்குத் தேர்வுமுறையிலேயே கொஞ்சம் மதிப்பெண் கூட்டுகிறார்கள். அம்மாவுக்கு அதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் இருந்த உறுதி எனக்கே புதிது.

அக்டோபர் 5, ஞாயிறு

கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். "தமிழ் லிட்டரேச்சரா?" என்றவர், அதன்பின் என் முகத்தைப் பார்க்காமல் கட்டண விவரத்தை மட்டும் சொன்னார். பஸ்ஸில் அழுகை வந்தது. அவிநாசி தாண்டியபின்தான் நின்றது.

அக்டோபர் 6

படிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பழைய வினாத்தாள்களோடு நாள் முழுக்க இருந்தேன். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், எல்லாமே ஆங்கிலம். விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பானால் ஒரு மதிப்பெண் போகும். கணக்குப் பகுதியில் சதவீதம், லாப நட்டம் எல்லாம் கை தானாகப் போடுகிறது. வடிவியல் இன்னும் பயம்.

நடுப்பகுதிதான் ஆச்சரியம். ஆறு பேர், ஆறு ஊர், ஆறு நாள். இவர் அவருக்கு முன்னால் வரக்கூடாது, அந்த ஊர்க்காரர் திங்கள்கிழமை வரமாட்டார் என்று நிபந்தனை மேல் நிபந்தனை. முதல் நிபந்தனையிலிருந்து தொடங்கினால் பாதியில் சிக்கிக்கொள்கிறது. கல்லூரியில் வெண்பா எழுதச் சொன்னபோதும் இப்படித்தான் ஆனது. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று தளை பார்த்துப் பார்த்து மூன்று அடி கட்டிவிடுவேன், நாலாவதில் வந்து மாட்டும். ஈற்றடிக்கு மூன்று சீர்தான், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். "நெகிழாத இடம் எதுவோ அதை முதல்ல வைம்மா, மத்தது அதுக்குத் தக்கன நகரும்" என்பார் யாப்பு நடத்திய ஐயா. இன்று அப்படிச் செய்தேன். இரண்டு செட் முழுசாக விழுந்தது. ஐயாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20, தீபாவளி

போனஸ் 8.33 சதவீதம், சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். அக்கா தேனிக்குப் போய்விட்டார். பஸ் ஏறும்போது, திரும்பி வரட்டுமா என்று கேட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

நேர்முகத்துக்கு அழைத்தால் ஏன் எம்.பி.ஏ. என்று கேட்பார்களாம். தலைமைப் பண்பு, தொலைநோக்கு என்று ஒரு பக்கம் எழுதினேன். எங்கே இருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை, ஒரு வரியும் என்னுடையதல்ல. கிழித்துப் போட்டேன். பிறகு எழுதியது இது: பேரம் நடக்கும் இடத்தில் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பதில் சொல்லத் தெரிந்தவளாக உட்கார வேண்டும்.

இரண்டு வரிதான். போதுமா தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

கேட் தேர்வு எழுதிவிட்டேன். 68 கேள்வி. நடுப்பகுதி நன்றாகப் போனது. கணக்கில் நேரம் போதவில்லை. வாசலில் பையன்கள் விடை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் நிற்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

இங்கிலாந்துப் பையர் ஒருவர் புது ஸ்டைலுக்கு விலை கேட்டிருக்கிறார். சின்ன ஆர்டர். ராத்திரி பத்து மணிவரை காஸ்டிங் போட்டேன். தையல் கூலியை முதல் வரியில் எழுதி அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, துணியின் எடை (ஜி.எஸ்.எம்.), வெட்டுவதற்கான மார்க்கர் நீளம், பாக்கிங் என்று மற்றதை நகர்த்திப் பார்த்தேன். வழக்கப்படி போட்டால் வரும் விலையைவிட ஆறு சென்ட்தான் கூடுகிறது.

எம்.டி. சார் ரொம்ப நேரம் பார்த்தார். "கூலியை ஏம்மா மேலே போட்டே?" என்றார். சொன்னேன். ஆறு சென்ட்டுக்கே அவன் ஓடிவிடுவான் என்றார். அனுப்பிப் பார்க்கலாம் சார் என்றேன். திங்கட்கிழமை பேசலாம் என்று ஷீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரிசல்ட் எப்போது என்று இன்னும் அறிவிக்கவில்லை. தேனிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.